குறை யாருடையது என்று கேட்காத சட்டம்: பணியிட விபத்தும் இழப்பீட்டு உரிமையும்

1. கேள்வி

வேலையின்போது காயமடைந்த தொழிலாளி இழப்பீடு பெறுவதற்குத் தன்மேல் தவறில்லை என்று மெய்ப்பிக்க வேண்டியதில்லை. முதலாளிமேல் தவறு இருக்கிறது என்றும் மெய்ப்பிக்க வேண்டியதில்லை. இந்தியாவில் இந்நிலை நூறாண்டுப் பழமையுடையது. 1923-இல் இயற்றப்பட்டு 1924 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் இதற்கு அடித்தளமிட்டது. 2009-ஆம் ஆண்டுத் திருத்தம் அதைப் பணியாளர் இழப்பீட்டுச் சட்டம் எனப் பெயர் மாற்றி, எழுத்து வேலை செய்வோருக்கும் விரித்தது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் (2020) ஏழாம் அத்தியாயம் இருக்கிறது.

ஆயினும் விபத்து நடந்த வீட்டில் முதலில் எழும் பேச்சு வேறு. "அவன் கவனமா இருந்திருக்கணும், யாரைப் போய்க் கேக்குறது?" என்ற சொல்லோடு பல உரிமைகள் முடிந்துபோகின்றன. கேட்கத் துணிந்தவர்களும் ஆண்டுக்கணக்கில் அலைகிறார்கள். தவறு யாருடையது என்ற கேள்வியையே சட்டம் விலக்கிவிட்ட பின்னும் தொழிலாளியின் உரிமை எங்கே சிக்கிக்கொள்கிறது என்பதே இக்கட்டுரை எழுப்பும் கேள்வி.

என் வாதம் இது: தவறு பற்றிய வழக்கு உண்மையில் மறையவில்லை, இடம் மாறியிருக்கிறது. 'இவர் என்னிடம் வேலை பார்த்தாரா?', 'என்ன சம்பளம் வாங்கினார்?' என்ற இரு கேள்விகளாக அது திரும்பி வந்திருக்கிறது. இவற்றுக்கு விடை சொல்லும் தாள்கள் முதலாளியின் கையில் இருக்க, மெய்ப்பிக்கும் சுமை தொழிலாளியின் தலையில் இருக்கிறது. நீதிமன்றத் தீர்ப்புகள் பெரும்பாலும் 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தைச் சுற்றி வளர்ந்தவை என்பதால் பிரிவு எண்களை அச்சட்டத்தின்படியே தருகிறேன். புதிய தொகுப்பு அதன் கட்டமைப்பைப் பெரிதும் தக்கவைத்திருக்கிறது.

2. ஒரு பேரத்தின் வரலாறு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கிலப் பொதுச் சட்டம் காயமடைந்த தொழிலாளிக்கு ஏறத்தாழ எல்லா வாசல்களையும் அடைத்திருந்தது. அளவுக்குமேல் பாரம் ஏற்றிய வண்டி முறிந்து ஓர் இறைச்சிக் கடைப் பணியாளரின் தொடை எலும்பு உடைந்த வழக்கில், 1837-இல் இங்கிலாந்து நீதிமன்றம் முதலாளியைப் பொறுப்பிலிருந்து விடுவித்தது. அதன் வழியில் மூன்று தற்காப்புகள் நிலைபெற்றன. உடன் வேலை செய்பவரின் தவறுக்கு முதலாளி பொறுப்பல்ல. ஆபத்து தெரிந்தே வேலையில் சேர்ந்தவர் அதை ஏற்றுக்கொண்டவராகிறார். தன் கவனக்குறைவும் கலந்திருந்தால் காயமடைந்தவருக்கு ஒன்றும் இல்லை. இந்தியாவில் 1855-ஆம் ஆண்டின் உயிரிழப்பு விபத்துச் சட்டம் குடும்பத்தாருக்கு வழக்காடும் உரிமையைத் தந்தபோதும், எதிர்த் தரப்பின் தவறைக் காட்டும் கடமையைக் குடும்பத்திடமே விட்டது.

ஜெர்மனியில் பிஸ்மார்க் ஆட்சி 1884-இல் விபத்துக் காப்பீட்டைக் கொண்டுவந்தது. பிரிட்டன் 1897-இல் இழப்பீட்டுச் சட்டம் இயற்றியது. இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே பேரம். தொழிலாளி முழு நட்டஈடு கேட்கும் வாய்ப்பை விட்டுக்கொடுக்கிறார்; அதற்கு ஈடாக உறுதியான, விரைவான, வரையறுக்கப்பட்ட தொகை பெறுகிறார். முதலாளி தவறு செய்யாதபோதும் கொடுக்க ஒப்புகிறார். ஆனால் எவ்வளவு கொடுக்க நேரும் என்பதை முன்கூட்டியே கணக்கிட முடிகிறது. 1923-ஆம் ஆண்டு இந்தியச் சட்டமும் இதே பேரத்தின் வாரிசு. விட்லி ஆணையம் எனப்படும் இந்தியத் தொழிலாளர் பற்றிய அரசு ஆணையம் 1931-இல் அறிக்கை தந்தபின் 1933-இல் அது விரிவாக்கப்பட்டது. தற்காலிக வேலைக்காரர்களை விலக்கிவைத்திருந்த சொற்கள் 2000-ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் நீக்கப்பட்டன.

இன்றைய நடைமுறையை இந்தப் பேரத்தை வைத்தே அளக்க வேண்டும். முழு ஈட்டை விட்டுக்கொடுத்த தொழிலாளிக்கு உறுதியும் விரைவும் கிடைக்கவில்லையென்றால் பேரத்தின் ஒரு பக்கம் மட்டுமே நிறைவேறியிருக்கிறது என்று பொருள்.

3. சட்டம் தரும் வாக்குறுதி

மூன்றாம் பிரிவின்படி, வேலையின் காரணமாகவும் வேலையின் போக்கிலும் ஏற்பட்ட விபத்துக்கு முதலாளி பொறுப்பு. குடிபோதை, பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறுதல், பாதுகாப்புக் கருவியை வேண்டுமென்றே அகற்றுதல் ஆகிய காரணங்களைச் சொல்லி மறுக்க இடமுண்டு. ஆனால் உயிரிழப்போ நிரந்தர முழு ஊனமோ நேர்ந்தால் இந்தக் காரணங்களும் எடுபடா. வெறும் கவனக்குறைவு எந்த நிலையிலும் தடையல்ல.

தொகையைக் கணக்கிடும் முறையை ஓர் எடுத்துக்காட்டில் பார்ப்போம். பவர் பிரஸ்ஸில் வேலை செய்யும் முப்பது வயதுத் தொழிலாளி ஒருவருக்கு ஆள்காட்டி விரலும் நடுவிரலும் முழுமையாகப் போய்விட்டன என்று வைத்துக்கொள்வோம். மாதச் சம்பளம் 22,000 ரூபாய். ஒரு கையில் இரண்டு விரல் இழப்புக்கு முதல் அட்டவணை 20 விழுக்காடு சம்பாத்தியத் திறன் இழப்பு என்கிறது. முப்பது வயதுக்கு நான்காம் அட்டவணை தரும் பெருக்கெண் 207.98. நிரந்தர முழு ஊனத்துக்குரிய தொகை, மாதச் சம்பளத்தின் 60 விழுக்காட்டை இந்தப் பெருக்கெண்ணால் பெருக்கக் கிடைப்பது; பகுதி ஊனத்துக்கு அதில் உரிய விழுக்காடு.

ஆனால் கணக்கில் 22,000 நுழையாது. 2020 ஜனவரி 3 அறிவிக்கையின்படி உச்சமாக ஏற்கப்படும் மாதச் சம்பளம் 15,000 ரூபாய். அதன் 60 விழுக்காடு 9,000. அதை 207.98-ஆல் பெருக்கினால் 18,71,820. அதில் 20 விழுக்காடு 3,74,364 ரூபாய். உண்மைச் சம்பளத்தை எடுத்துக்கொண்டிருந்தால் இது ஏறத்தாழ 5,49,000 ஆகியிருக்கும். பதிவேட்டில் 10,000 என்று மட்டும் எழுதியிருந்தால் 2,49,576-ஆகச் சுருங்கிவிடும். ஒரே கை, ஒரே விரல்கள்; பதிவேட்டில் உள்ள எண்ணைப் பொறுத்துத் தொகை ஒன்றேகால் லட்சம் ரூபாய் குறைகிறது.

உயிரிழந்தால் 60 விழுக்காட்டுக்குப் பதில் 50 விழுக்காடு. 15,000 ரூபாய் அடிப்படையில் முப்பது வயதினரின் குடும்பத்துக்கு வருவது 15,59,850. தற்காலிக ஊனத்துக்கு அரை மாதத்துக்கு ஒருமுறை, மாதச் சம்பளத்தின் 25 விழுக்காடு. மருத்துவச் செலவைத் திருப்பித் தரும் கடமை 2009 திருத்தத்தில் சேர்ந்தது.

உரிய நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் 12 விழுக்காடு வட்டி. நியாயமான காரணம் இல்லாவிட்டால் 50 விழுக்காடு வரை அபராதம். முழுத் தொகையை ஏற்க மறுக்கும் முதலாளியும் தாம் ஏற்கும் அளவையாவது உடனே செலுத்த வேண்டும் என்கிறது 4அ பிரிவு. நடைமுறையில் மிகக் குறைவாகப் பயன்படும் ஏற்பாடுகளுள் இது ஒன்று.

4. தீர்ப்புகள் விரித்த எல்லை

சட்டத்தை வளர்த்தெடுத்ததில் உச்ச நீதிமன்றத்தின் பங்கு பெரிது. அதன் நடை எப்போதும் நேர்கோட்டில் இருந்ததில்லை.

தொழிலாளிக்கு மிகவும் துணைநின்றது 1975 டிசம்பரில் நால்வர் அமர்வு தந்த தீர்ப்பு. ஒடிசாவின் ஜெய்ப்பூரில் திரையரங்கு ஒன்றில் அலங்கார மரவேலை செய்துகொண்டிருந்த தச்சர் கீழே விழுந்தார். இடது கை முழங்கைக்கு மேலே துண்டிக்கப்பட்டது. அட்டவணைப்படி இது பகுதி ஊனமே என்று முதலாளித் தரப்பு வாதிட்டது. ஒரு கையோடு தச்சு வேலை செய்ய முடியாது என்பதால் சம்பாத்தியத் திறன் முழுவதும் போய்விட்டது என்று நீதிமன்றம் கொண்டது. உடலில் என்ன போயிற்று என்பதோடு நில்லாமல், அந்த உடலைக்கொண்டு அவர் செய்துவந்த தொழில் என்ன ஆயிற்று என்றும் பார்க்க வேண்டும் என்ற நெறி இதிலிருந்து வந்தது. இழப்பீடு விபத்து நாளிலேயே கடனாகிவிடுகிறது, இழப்பீட்டு மனுவை விசாரிக்கும் ஆணையர் உத்தரவிடும் நாளில் அல்ல என்பதும் இதே தீர்ப்பின் கொடை. மேலே சொன்ன பிரஸ் தொழிலாளியின் 20 விழுக்காடு இறுதியான எண் அல்ல என்று வாதிட இந்த நெறி இடம் தருகிறது.

வேலைக்குப் போகும் வழி பற்றிய வழக்குகளில் எல்லை பலமுறை இடம் மாறியது. உப்பளத் தொழிலாளர்கள் வேலை முடிந்து பொதுப் படகில் கழிமுகத்தைக் கடக்கையில் மூழ்கி இறந்த வழக்கில், 1958-இல் உச்ச நீதிமன்றம் இழப்பீட்டை மறுத்தது. ஆலைக்கு ஒரு கிலோமீட்டர் தொலைவில் லாரி மோதிய சைக்கிள் தொழிலாளிக்கும் 1996-இல் அதே விடைதான். நாடாளுமன்றம் 2010-இல் இஎஸ்ஐ எனப்படும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டத்தைத் திருத்தி, வீட்டுக்கும் பணியிடத்துக்கும் இடைப்பட்ட பயண விபத்தையும் சேர்த்தது. 2025 ஜூலையில் அதே நெறியை உச்ச நீதிமன்றம் பணியாளர் இழப்பீட்டுச் சட்டத்துக்கும் நீட்டியது. மகாராஷ்டிரத்தில் அதிகாலை மூன்று மணிப் பணிக்குப் புறப்பட்ட சர்க்கரை ஆலைக் காவலாளி 2003 ஏப்ரலில் வழியில் இறந்தார். விபத்தின் சூழல், நேரம், இடம் ஆகியவற்றுக்கும் வேலைக்கும் தொடர்பு உண்டென்றால் போதும் என்று நீதிமன்றம் சொன்னது. புதிய தொகுப்பிலும் இந்த விதி எழுதப்பட்டுள்ளது. நெறி வென்றது, ஆனால் அந்தக் குடும்பம் இறுதி விடைக்குக் காத்திருந்தது இருபத்திரண்டு ஆண்டுகள்.

மாரடைப்பு போன்றவற்றில் நீதிமன்றம் கண்டிப்பாகவே இருந்துவருகிறது. பணியிடத்தில் இறந்தார் என்பது மட்டும் போதாது, பணியின் அழுத்தம் இறப்புக்குக் காரணமாயிற்று என்று காட்ட வேண்டும் என்பது அதன் தீர்ப்பு ஒன்றின் சாரம். தொழில்சார் நோய்களுக்கும் இதே கடினம் உண்டு. கல்குவாரித் தூசியால் வரும் சிலிகோசிஸ், பஞ்சுத் தூசியால் வரும் பிசினோசிஸ் ஆகியவை மூன்றாம் அட்டவணையில் இருக்கின்றன. ஆனால் நோய் தலைகாட்டும்போது தொழிலாளி அந்த வேலையை விட்டே பல ஆண்டுகள் ஆகியிருக்கலாம்.

5. ஒரே சட்டம், இரண்டு தொழிலாளர்கள்

உரிமை எங்கே சிக்குகிறது என்பதை அறிய, ஒரே சட்டத்தின் கீழ் வரும் இரு தொழிலாளர்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம். ஒருவர் நாமக்கல் லாரி ஓட்டுநர். மற்றவர் கோவையில் பத்துப் பேருக்கும் குறைவானோர் வேலை செய்யும் பிரஸ் பட்டறையில் ஆபரேட்டர்.

லாரி கவிழ்ந்தால் காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை பதிவாகிறது. வண்டியின் பதிவுச் சான்று உரிமையாளரைக் காட்டுகிறது. ஓட்டுநர் உரிமம் ஆளைக் காட்டுகிறது; லோடு ரசீது பயணத்தைக் காட்டுகிறது. வணிக வாகனத்தின் காப்பீட்டில் ஓட்டுநருக்கான பொறுப்பும் சேர்ந்தே இருப்பதால் பணம் கொடுக்க ஒரு நிறுவனம் நிற்கிறது. ஓட்டுநர் தானே தவறு செய்திருந்தாலும் இந்தச் சட்டத்தில் கேட்கலாம் என்பதால் வழக்கறிஞர்களுக்கும் இவ்வழி நன்கு பழக்கம். வழக்கு தாமதமாகலாம், சம்பளம் பற்றிச் சண்டை வரலாம், ஆனால் 'இவர் யாரென்றே தெரியாது' என்ற பதில் அரிது.

பிரஸ் பட்டறையில் நிலைமை தலைகீழ். நியமனக் கடிதம் இல்லை. சம்பளம் வாரக் கூலியாகக் கையில் வருகிறது. வருகைப் பதிவேடு உண்டென்றால் அது முதலாளியின் மேசையில் இருக்கிறது. விரல் நசுங்கியதும் பட்டறைக்காரரே தனியார் மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறார். அரசு மருத்துவமனை என்றால் விபத்துப் பதிவேட்டில், ஏஆர் காப்பி என்று எல்லாரும் சொல்லும் தாளில், காயம் எப்படி ஏற்பட்டது என்று மருத்துவர் கேட்டு எழுதுவார். வலியில் இருப்பவருக்குப் பதிலாக உடன் வந்தவர் சொல்வதே அதில் ஏறக்கூடும். 'வேலை செய்யும்போது பிரஸ்ஸில் கை மாட்டியது' என்பதற்குப் பதில் 'வீட்டில் அடிபட்டது' என்று ஏறிவிட்டால், பின்னால் ஆணையர் முன் எத்தனை சாட்சி சொன்னாலும் அந்த ஒரு வரி குறுக்கே நிற்கும்.

இருவருக்கும் சட்டத்தின் சொற்கள் ஒன்றே. வேறுபடுவது தாளும் காப்பீடும். ஓட்டுநர் விஷயத்தில் அவை வேறொரு சட்டத்தின் கட்டாயத்தால் முன்கூட்டியே உருவாகியிருக்கின்றன. பட்டறைத் தொழிலாளி விஷயத்தில் அவற்றை உருவாக்கும் கடமை முதலாளியிடம் விடப்பட்டது. கடமையில் தவறியதன் விளைவைத் தொழிலாளி சுமக்கிறார்.

கட்டுமானத்தில் இது இன்னும் சிக்கலாகிறது. பன்னிரண்டாம் பிரிவு, ஒப்பந்தக்காரரின் ஆளுக்கும் முதன்மை வேலையளிப்பவரே பொறுப்பு என்கிறது. ஆனால் அவ்வேலை அவருடைய தொழிலின் பகுதியாக இருக்க வேண்டும். அடுக்குமாடி கட்டும் நிறுவனம் இதில் தப்ப முடியாது. சொந்த வீடு கட்டுபவரின் சாரத்திலிருந்து விழும் சித்தாளுக்கோ மேஸ்திரி ஒருவரே பொறுப்பாளியாக மிஞ்சலாம். அவரிடம் கொடுக்க என்ன இருக்கும்? 2014 ஜூன் 28 அன்று மௌலிவாக்கத்தில் கட்டடம் இடிந்து 61 பேர் இறந்தனர். அவர்களில் பலர் வெளிமாநிலத்தவர். இத்தகையோரின் குடும்பங்கள் தாங்கள் வாழும் மாவட்டத்திலேயே மனு கொடுக்க 1995 திருத்தம் வழி செய்திருக்கிறது. ஆனால் சாட்சியும் பதிவேடும் விபத்து நடந்த ஊரில்தான் இருக்கும்.

சிவகாசிப் பகுதியில் வெடிவிபத்து நடக்கும்போதெல்லாம் உறவினர்கள் உடலை வாங்க மறுத்துப் போராடுவதும், ஆலைத் தரப்பு சில லட்ச ரூபாய்க்குக் காசோலை தருவதும் வழக்கமாகிவிட்டன. அந்தக் குடும்பங்களுக்கு வேறு பிடிமானம் இல்லாததால் அந்தப் போராட்டம் நியாயமானது. ஆனால் அந்தக் காசோலையோடு கணக்கு முடிந்துவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது. உயிரிழப்பு இழப்பீட்டை ஆணையரிடமே செலுத்த வேண்டும் என்கிறது எட்டாம் பிரிவு. மூன்று மாதச் சம்பளம் வரையிலான முன்பணம் தவிர, நேரில் கொடுத்தது இழப்பீடாகக் கருதப்படாது. உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதிய எந்த ஒப்பந்தமும் பதினேழாம் பிரிவின்படி செல்லாது. மருத்துவமனை வாசலில் வாங்கிய கையெழுத்து ஒரு குடும்பத்தின் உரிமையை முடித்துவிடாது. முடிந்துவிட்டதாக அக்குடும்பம் நம்புவதே அதை முடிக்கிறது.

6. இஎஸ்ஐ என்னும் மாற்றுவழி

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், மாதம் 21,000 ரூபாய் வரை பெறுவோர் இஎஸ்ஐ வளையத்துக்குள் வருகின்றனர். அங்கே முதலாளியோடு வழக்காட வேண்டியதில்லை, இஎஸ்ஐ கழகமே கொடுக்கிறது. தற்காலிக ஊனத்துக்கு நாட்கூலியின் 90 விழுக்காடு கிடைக்கிறது. இழப்பீட்டுச் சட்டம் தருவது சம்பளத்தில் பாதிதான். நிரந்தர ஊனத்துக்கு ஆயுள் முழுதும் மாதாந்தரத் தொகை. 15,000 ரூபாய் சம்பளமும் 20 விழுக்காடு இழப்பும் உள்ளவருக்கு மாதம் ஏறத்தாழ 2,700 ரூபாய். முன்பு கணக்கிட்ட 3,74,364 ரூபாயை இது பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் தாண்டிவிடும். முப்பது வயதுத் தொழிலாளிக்கு எது பெரிது என்பதில் ஐயமில்லை.

இஎஸ்ஐ-யில் பாதுகாப்புடையவர் அதே காயத்துக்கு இழப்பீட்டுச் சட்டத்தில் கேட்க முடியாது. இதைச் சிலர் இழப்பாகக் கருதுகிறார்கள். மேற்கண்ட கணக்கு அக்கருத்துக்குத் துணைநிற்கவில்லை. உண்மையான இடர், பதிவு செய்யாமலே வைத்திருப்பதில்தான் இருக்கிறது. ஹரியானாவின் வாகன உதிரிபாக ஆலைகளில் விரல் இழந்தோரைப் பற்றி 'சேஃப் இன் இந்தியா' அமைப்பு வெளியிட்டுவரும் அறிக்கைகள், பலருக்கு இஎஸ்ஐ அட்டை விபத்துக்குப் பிறகே கைக்கு வந்ததைக் காட்டுகின்றன. சந்தா செலுத்தப்படாதது தொழிலாளியின் உரிமையைப் பறிக்காது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. என்றாலும் அங்கும் முதல் கேள்வி மாறுவதில்லை: அவர் அங்கே வேலை பார்த்தார் என்பதற்குச் சான்று என்ன?

7. பிற விளக்கங்களை எடைபோடுதல்

இந்தத் தேக்கத்துக்குப் பொதுவாக மூன்று காரணங்கள் சொல்லப்படுகின்றன. முதலாவது, தொழிலாளருக்கு விழிப்புணர்வு இல்லை என்பது. இதில் உண்மை உண்டு. மனு கொடுக்க இரண்டு ஆண்டு அவகாசம் இருப்பதும், தகுந்த காரணம் இருந்தால் தாமதத்தை மன்னிக்கலாம் என்பதும், முதலாளிக்கே விபத்து தெரிந்திருந்தால் அறிவிப்பில் உள்ள குறை தடையாகாது என்பதும் பலருக்குத் தெரியாது. ஆனால் ஓட்டுநருக்குச் சட்ட அறிவு கூடுதல் என்பதால் அவர் வெல்வதில்லை. விழிப்புணர்வு தாளை உண்டாக்காது.

இரண்டாவது, போலிக் கோரிக்கைகளைத் தடுக்கவே கடுமையான சான்று தேவை என்ற முதலாளிகள், காப்பீட்டு நிறுவனங்களின் வாதம். போலிகளே இல்லை என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் போலியைத் தடுக்கும் மிகச் சிறந்த வழி விபத்துக்கு முன்பே உள்ள பதிவு. அது இல்லாமல் போனதற்குப் பொறுப்பாளி, அதை வைத்திருக்கக் கடமைப்பட்டவரே.

மூன்றாவது, விசாரணைத் தாமதம். மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்று 2009 திருத்தம் சொல்கிறது. வழக்கு நீள்வதற்குக் காரணம் ஆணையர்களின் வேலைப்பளு மட்டுமன்று. வேலையுறவையும் சம்பளத்தையும் ஒவ்வொரு வழக்கிலும் தொடக்கத்திலிருந்து விசாரிக்க நேர்வதும் ஒரு காரணம். ஆகத் தாமதத்தின் வேரிலும் சான்றுச் சிக்கலே இருக்கிறது.

உறுப்புக்கு விலைப்பட்டியல் போடும் சட்டம் இது என்று தொழிற்சங்க இயக்கத்தில் ஓர் ஆழமான விமர்சனமும் உண்டு. வலிக்கும் மன வேதனைக்கும் இதில் இடமில்லை. சாலை விபத்துத் தீர்ப்பாயங்கள் அவற்றைக் கணக்கில் எடுக்கின்றன. இந்த விமர்சனம் சரியானதே. ஆயினும் பட்டியலை ஒழித்தால் தவறு பற்றிய விசாரணை திரும்ப வரும் ஆபத்து உண்டு. பட்டியலை உயர்த்துவதும் தச்சர் வழக்கின் நெறியை உறுதியாகப் பின்பற்றுவதுமே தொழிலாளிக்குப் பாதுகாப்பு.

8. முடிவு

மேற்கண்டவற்றிலிருந்து மூன்று முடிவுகளுக்கு வருகிறேன்.

ஒன்று, மெய்ப்பிக்கும் சுமை இடம் மாற வேண்டும். நியமனக் கடிதமும் சம்பளப் பதிவும் காட்டாத முதலாளிக்கு எதிராக, தொழிலாளி சொல்லும் வேலையுறவும் சம்பளமும் உண்மையென்று தொடக்கத்திலேயே கொள்ள வேண்டும், மறுப்பவர் மெய்ப்பிக்கட்டும். பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நியமனக் கடிதத்தைக் கட்டாயமாக்கியிருப்பது நல்ல அடி. ஆனால் அது பொதுவாகப் பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்களையே தொடுகிறது. மின்சாரம் பயன்படுத்தும் இடம் தொழிற்சாலையாகக் கருதப்படுவதற்கான வரம்பும் பத்துப் பேரிலிருந்து இருபதாக உயர்ந்துவிட்டது. விரல் போகும் பட்டறைகள் மேலும் பல கண்காணிப்புக்கு வெளியே போகின்றன என்பதே இதன் பொருள்.

இரண்டு, சம்பள உச்சவரம்பு தானாக உயர வேண்டும். 2000-இல் 4,000, 2010-இல் 8,000, 2020-இல் 15,000 என்று பத்தாண்டுக்கு ஒருமுறை நகர்வதால், இடையில் காயமடைபவர் பழைய விலைவாசியில் ஈடு பெறுகிறார். 15,000 என்பது நாளொன்றுக்கு 500 ரூபாய். தமிழ்நாட்டில் ஒரு கொத்தனாரின் கூலிக்கு அது ஈடாகாது.

மூன்று, பத்துப் பேருக்குக் குறைந்த இடங்களுக்கும் காப்பீட்டைக் கட்டாயமாக்க வேண்டும். லாரிக்கு முடிந்தது பிரஸ்ஸுக்கும் முடியும். தொழிலாளர் நலவாரிய உதவித்தொகை இதற்கு மாற்றல்ல. அது அரசு தரும் நிவாரணம். இழப்பீடு என்பது அந்த உழைப்பால் பயனடைந்தவர் தீர்க்க வேண்டிய கடன்.

இவை வரும்வரை முதல் சில நாள்களில் செய்வதே வழக்கைத் தீர்மானிக்கும். மருத்துவமனைப் பதிவில் விபத்து நடந்த இடமும் விதமும் சரியாக ஏறியிருக்கிறதா என்று குடும்பத்தில் ஒருவர் படித்துப் பார்க்க வேண்டும். முதலாளிக்கு எழுத்தில் தெரிவித்து, பதிவு அஞ்சல் ரசீதை வைத்துக்கொள்ள வேண்டும். சம்பளம் வந்த வங்கிக் கணக்கு விவரம், மேற்பார்வையாளர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, பட்டறையில் எடுத்த படம், உடன் வேலை செய்தவரின் பெயர் ஆகிய எல்லாமே சான்று. வெற்றுத்தாளில் கையெழுத்து இடக்கூடாது. இட்டுவிட்டாலும் உரிமை போய்விடவில்லை என்று அறிந்திருக்க வேண்டும். தொழிலாளர் துறை அலுவலகத்தில் உள்ள ஆணையரிடம் மனு கொடுப்பது சலுகை கேட்பதாகாது. விபத்து நடந்த அன்றே கடனாகிவிட்ட தொகையை வசூலிப்பதுதான் அது.